முப்பத்தோரு நிறுத்தங்கள்

பேருந்து அலுவலகத்தில் அவருக்கு அட்டவணைக்காரர் என்றே பெயர். எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதி வருகிறார். ஒரு நிறுத்தம் விட்டுப்போனால் அங்கே காத்திருப்பவர் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதனால் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை.

அந்தப் பழக்கம் அவர் எழுதும் முதல் நாவலின் கடைசி அத்தியாயத்தையும் தொற்றிக்கொண்டது. அம்மா ஆஸ்பத்திரியில் என்று தகவல் வந்து மகள் பேருந்து ஏறுகிறாள். வழியில் முப்பத்தோரு நிறுத்தங்கள். ஐம்பத்தெட்டுப் பக்கம் ஓடியும் அவள் இறங்கியபாடில்லை. பதிப்பாளர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

"வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரணும். இல்லைன்னா இந்த வருஷம் உங்க புத்தகம் வராது."

வியாழனும் வந்துவிட்டது. விடுப்பு போட்டுவிட்டுக் காலையிலிருந்து ஒவ்வொன்றாக அடித்து நீக்கப் பார்த்தார். எந்த நிறுத்தத்தில் கைவைத்தாலும் மனசு கேட்கவில்லை. மதியம் எழுதிய தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு அக்காவின் சலவைக் கடைக்குப் போனார். அக்கா ஒரு கையால் தேய்த்தபடியே படித்தார்.

"ஏன்டா, நான் நாலு சட்டை தேச்சாச்சு, இவ இன்னும் பதினேழாவது நிறுத்தத்துலயே இருக்கா. பெத்தவ அங்க இழுத்துக்கிட்டுக் கிடக்குறா, இவ பெட்ரோல் பங்க் போர்டைப் படிச்சுக்கிட்டு வர்றா."

"வழியில அதெல்லாம் இருக்கே அக்கா."

"இருந்தா என்ன? அம்மா விழுந்தப்ப நானும் இப்படித்தானே பஸ்ல ஓடி வந்தேன்."

"அப்ப நீ என்ன பார்த்த?"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ஒண்ணும் பார்க்கல. முன் சீட்டு முதுகுல ஒரு ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சிருந்துச்சு. வழி முழுக்க அதையே சுரண்டிக்கிட்டு வந்தேன். எறங்குறப்ப நகமெல்லாம் பசை. அம்மா கண்ணைத் தொறந்ததும் என்ன சொன்னா தெரியுமா? 'மொதல்ல போய்க் கையைக் கழுவு'ன்னா. இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கா."

அட்டவணைக்காரர் தேய்த்த துணிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்த மேசையிலேயே உட்கார்ந்து எழுதினார். ஐம்பத்தெட்டுப் பக்கப் பயணம் அரைப் பக்கமானது. அதில் பேருந்து எங்குமே நிற்கவில்லை.

நாலே முக்காலுக்குப் பதிப்பாளர் அம்மாவின் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் படிக்கப் படிக்க, இவர் கண் சுவர்க்கடிகாரத்தை விட்டு நகரவில்லை. தாள் திரும்பியது. பதிப்பாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"வந்து சேர்ந்துட்டா."

"சேர்ந்துட்டாளா?"

"அந்தக் கை கழுவுறதோட அத்தியாயத்தை முடிச்சிருக்கீங்க பாருங்க, அதுக்கு மேல ஒரு வரி சேர்த்துடாதீங்க. நாளைக்கு அச்சுக்குப் போகுது. ஆமா, மிச்ச நிறுத்தமெல்லாம் என்னாச்சு?"

"ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்மா."

வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். தன் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. இறங்கி, அவசரமே இல்லாமல் திரும்பி நடந்தார்.