சிலாபத்துக்காரிக்கு ஒரு போன்

கில்பட் சோற்றுக் கோப்பையைக் கண்டுபிடிக்க மேசையைத் தடவினான். மனைவி ஜூலியானா அதை அவன் கையருகே நகர்த்தினாள். ஒரு மாதமாக அவனுக்குத் தலையிடி, தள்ளாட்டம், சம்பந்தமில்லாத கதை. கற்பிட்டிக் கடலில் வள்ளம் ஓட்டியவனுக்கு இப்போது வாசற்படி தெரியவில்லை.

எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததிலிருந்து அவன் மாத்திரையை நிறுத்தியதில்லை. அதனால் அவளுக்கு அந்தக் கிருமி தொற்றவுமில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாட்டு டொக்டர் அவனுடைய கிளினிக் துண்டில் எச்.ஐ.வி. என்று எழுதியிருந்ததைப் பார்த்ததோடு சரி.

"எச்.ஐ.வி. மூளைக்கு ஏறிட்டு. வீட்டுக்குக் கொண்டு போங்க."

"கண்ணும் தெரியல்ல எண்டு சொல்றாரே டொக்டர்?"

"சொன்னது விளங்கல்லயா?"

அவள் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் அவனைப் புத்தளத்துக்கு, மாத்திரை கொடுக்கும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கே டொக்டர் மர்ளியா அவன் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நடக்கச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"கில்பட், கீழ புண் ஏதும் வந்திச்சா?"

"போன வருஷம். நோகல்ல. தானா ஆறிட்டு."

"புண்தான் ஆறும், கிருமி உள்ளுக்கு இருக்கும். இது உடலுறவில தொத்துற சிபிலிஸ் எண்டுதான் நினைக்கிறன். எச்.ஐ.வி. உள்ளவங்களுக்கு மூளைக்கும் கண்ணுக்கும் கெதியாப் போயிடும். இரத்தமும் முதுகுத் தண்டுத் தண்ணியும் எடுத்துப் பார்ப்பம். இதுக்கு மருந்திருக்கு."

மருந்திருக்கு என்றது ஜூலியானாவின் காதில் சரியாக விழவேயில்லை. போன வருஷம்! புருஷனை ஒருநாளும் ஒருமையில் கூப்பிடாதவள், எல்லார் முன்னாலும் கத்தினாள்:

"யார்ரா அவள்?"

"சிலாபத்தில ஒருத்தி..." என்றான்.

இரண்டு சோதனையும் டொக்டர் சொன்னதையே சொல்லின. ஜூலியானாவின் இரத்தத்திலும் சிபிலிஸ் இருந்தது. அவளுக்கு இடுப்பில் பெனிசிலின் ஊசி போட்டார்கள். அவனைக் கட்டிலில் போட்டு, இரவு பகலாக, நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நரம்பில் பெனிசிலின் ஏற்றினார்கள். இரண்டு கிழமை முடியத் தள்ளாட்டம் நின்றது, கதை தெளிந்தது, இடக்கண்ணில் பார்வை திரும்பியது. வலக்கண் இருட்டாகவே கிடந்தது.

"முந்தியே வந்திருந்தா அதையும் காப்பாத்தியிருக்கலாம்," என்றார் மர்ளியா.

ஜூலியானா நேரே பழைய வாட்டுக்குப் போனாள். அந்த டொக்டருக்கு அவளை ஞாபகமில்லை.

"எச்.ஐ.வி. எண்ட எழுத்தைக் கண்டதும் மனுசனைப் பார்க்கிறதை விட்டுட்டீங்க," என்றாள். "ஒரு இரத்தச் சோதனை செஞ்சிருந்தா என்ர புருஷனுக்கு ரெண்டு கண்ணும் இருந்திருக்கும்."

தாதி வந்து அவள் கையைப் பிடித்தாள். அவள் உதறிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து கில்பட்டின் கையில் திணித்தாள்.

"சிலாபத்துக்காரிக்குச் சொல்லு. கிளினிக்குக்குப் போகச் சொல்லு."

"நீ... இருக்கேக்கயா?"

"ஓம், நான் இருக்கேக்கதான். நான் உன்னை மன்னிக்கல்ல, கில்பட். ஆனா அவளுக்கும் கண் இருக்கு."

அவன் இடக்கண்ணுக்குக் கிட்டே போனைப் பிடித்து இலக்கத்தைத் தேடினான். மறுமுனையில் பெண்குரல் கேட்கும்வரை ஜூலியானா அங்கேயே நின்றாள்.