ஏழு பச்சைப் புள்ளிகள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பஸ்ஸில் மிச்சக்காசு தராத கொண்டக்டரோடு கொழும்பின் காலி வீதி முழுக்கச் சண்டை பிடித்துக்கொண்டு போகிற ஆள் நான். ஆனால் இந்த விஷயத்தில் யாரைப் பிடித்து ஏசுவது என்று பார்த்தால் முதல் ஆளாக நானே நிற்கிறேன்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் நிதியம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் எங்கட ஆட்கள் தரும் உதவியில், காது கேளாதவர்களுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுக்கிறோம். கொடுத்த மெஷின்கள் வேலை செய்கின்றனவா என்பதை ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டை வடிவமைத்தவள் நான், உஷாந்தி. நடுவில் பெரிய வட்டம். மெஷின் நன்றாக இருந்தால் பச்சை, பழுது என்றால் சிவப்பு, பதில் வராவிட்டால் சாம்பல்.

பதிலை எப்படி எடுப்பது? மாதம் ஒரு தடவை இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் கம்பியூட்டர் தானாகவே ஃபோன் எடுக்கும். "உங்கள் காது மெஷின் நன்றாக வேலை செய்கிறதா? ஆம் என்றால் ஒன்றை அழுத்துங்கள். இல்லை என்றால் இரண்டை அழுத்துங்கள்." குரல் என்னுடையது. ஒஃபிஸ் அலுமாரிக்குள் தலையை விட்டு, சத்தம் வராமல், நானே பதிவு செய்தேன்.

வாசிக்கிற உங்களுக்கு இப்போதே ஏதோ இடித்திருக்கும். எங்களுக்கு இடிக்கவில்லை. ஆறு பேர் கூடி, ரோல்ஸும் பிளேன்டீயும் எடுத்து, இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். அத்தனை பேரில் ஒருவருக்கும் இடிக்கவில்லை.

முதல் மாதமே வட்டத்தில் பெரும்பங்கு சாம்பலாக வந்தது. எங்கள் தலைவி சரோஜினிதேவி, முன்பு பெரிய பாடசாலை ஒன்றில் அதிபராக இருந்தவர், கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, செத்தவீட்டுச் சாம்பல் மாதிரி? உதவி தாற ஆக்கள் இதைப் பார்த்தால் மனம் விட்டுப்போகும்."

"பதில் சொல்லாத ஆக்கள், மேடம்."

"பிரச்சினை எண்டால் சொல்லியிருப்பினம்தானே. பேசாமல் இருக்கிறவை சந்தோஷமாத்தான் இருப்பினம்."

வேறு நாளென்றால் வாதாடியிருப்பேன். அன்றைக்குத் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சாம்பல் என் திரையின் வடிவைக் கெடுக்கிறது என்று எனக்கும் எரிச்சல்தான். நேரே போய் எங்கள் புரோகிராமர் கஜீவனிடம், ஃபோனை எடுத்துவிட்டு ஒன்றும் அழுத்தாதவர்களை 'ஆம்' பக்கம் சேர்க்கச் சொன்னேன்.

"அக்கா, அப்ப ஒண்டும் சொல்லாட்டிலும் ஓம் எண்டு வருமே."

"சொன்னதைச் செய், ராசா."

செய்தான். அடுத்த மாதம் வட்டம் தொண்ணூற்றேழு வீதம் பச்சையாகிவிட்டது. கூட்டத்தில் கை தட்டினார்கள். அந்தத் துணிவில் இன்னொரு வேலையும் பார்த்தேன். ஒருவருக்குப் பச்சை விழுந்தால், அவர் வேலை செய்யும் இடத்துக்குக் கடிதம் ஒன்று தானாகப் போகும்: 'இவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. எல்லா வேலையும் கொடுக்கலாம்.' கீழே என் கையெழுத்து. காது கேளாதவர்களை வேலையில் ஒதுக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான்.

போன வெள்ளிக்கிழமை நிர்வாகக் கூட்டம். டாஷ்போர்டின் மேல்மூலையில் சிரித்த முகம் ஒன்று வேண்டும் என்று சரோஜினிதேவி கேட்டிருந்தார். அதற்கு முந்திய புதன்கிழமை பட்டியலில் தேடினேன். யோகராஜ், முப்பத்தெட்டு வயது, கொட்டாஞ்சேனை. மெஷின் கொடுத்து ஏழு மாதம், ஏழு அழைப்பு, ஏழு பச்சைப் புள்ளி. இவரைவிடச் சந்தோஷமான ஆள் கொழும்பில் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு கமெராவோடு த்ரீவீலர் ஏறினேன்.

அவர் இருப்பது தோட்டம் ஒன்றில். கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி இல்லை, இரண்டு தண்ணீர்க் குழாய்க்கு நாற்பது வீடு. யோகராஜின் மனைவி நிஷாந்தினி கதவைத் திறந்தாள். அன்று அவளுக்கு லீவு. நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க மிஸ். ஒருவழியா வந்துட்டீங்க. அவரு வேலைக்குப் போயிட்டாருங்க."

ஒருவழியாக என்று ஏன் சொல்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. "காது மெஷினோட அவரை ஒரு படம் எடுக்கவேணும். நல்லா வேலை செய்யுதுதானே?"

நான் கேலி செய்கிறேனோ என்பது போல அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து திறந்தாள். பஞ்சுக்குள் மெஷின் இருந்தது.

"குடுத்த ரெண்டாவது வாரமே நின்னுபோச்சு மிஸ். ஈரம் படக்கூடாதேன்னு பத்திரமா வச்சிருக்கோம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏழு மாசமா ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னாரே மிஸ். மாசாமாசம் நீங்க ஃபோன் பண்றப்பல்லாம் சொன்னாரே. சட்டப்பையில ஃபோன் அதிரும். ஒங்க நம்பரப் பேர் போட்டு வச்சிருக்காரு. ஒடனே எடுத்துச் சொல்லிருவாரு. அவரு நல்லாப் பேசுவாருங்க, காய்ச்சல்ல காது போயி ஆறு வருஷந்தான் ஆகுது. நீங்க பேசுறதுதான் அவருக்குக் கேக்காது."

"ஏதாவது இலக்கம் அமத்தினவரோ?"

"என்ன இலக்கம் மிஸ்?"

கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். காது கேளாதவருக்கு ஃபோன் எடுத்து, காது கேட்கிறதா என்று கேட்டிருக்கிறேன். அவருக்கு அந்தக் கேள்வியே கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நன்றாகக் கேட்கிறது என்று எழுதியிருக்கிறேன். மெஷின் நன்றாக இருப்பவருக்குத்தான் என் குரல் கேட்கும், பழுதானவருக்குக் கேட்காது. ஐயோ, என்ன மடைச்சி நான்.

உடனே அடுத்த நினைப்பு வந்தது. கடிதம்.

"இப்ப எங்க வேலை செய்யிறார்?"

"கிராண்ட்பாஸ்ல பழைய இரும்பு யார்ட்ல மிஸ். முன்ன வாசல் கேட்டுக்கிட்ட குப்ப கூட்டிக்கிட்டு இருந்தாரு. இப்ப ஏழு மாசமா பின்னால போட்டிருக்காங்க, லொறிக்கு ஏத்துற எடத்துல. எனக்குப் பயமாத்தான் இருக்கு. மெஷின் இல்லன்னு சொன்னா வேலையே போயிருமாம், நிதியத்துக்காரங்க வந்து பாக்கட்டும், அதுவரைக்கும் வாயத் தொறக்காதேங்கிறாரு."

"செருப்பைப் போடுங்கோ. போவம்" என்றேன். அவள் வீட்டைக்கூடச் சரியாகப் பூட்டவில்லை.

யார்டுக்குள் நின்ற சத்தத்தில் என் காதே அடைத்தது. கேட்டில் நின்ற ஸவாஹிர், இரும்பு நிறை பார்க்கிறவர், நிஷாந்தினியைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார். பின்பக்கம் போனோம். நீல பனியன் போட்ட ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தகரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிஷாந்தினி "அவருதாங்க" என்று கை நீட்டவும், பெரிய லொறி ஒன்று அவரை நோக்கிப் பின்னுக்கு வரத் தொடங்கியது. அது பீப் பீப் என்று கத்துகிறது. அவர் நிமிரவில்லை. நானும் கத்தினேன். கத்தி என்ன பிரயோசனம்.

அந்த நேரம் பக்கத்தில் நின்ற ஒருவன் ஆணி டின் போன்ற ஒன்றுக்குள் கையை விட்டு, இரும்பு நட்டு ஒன்றை எடுத்து அவர் முதுகைப் பார்த்து எறிந்தான். அது பட்டதும் அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்தார். அவர் நின்ற இடத்தில் லொறியின் பின்சில்லு வந்து நின்றது. அவர் குனிந்து அடுத்த தகரத்தை எடுத்தார்.

யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தரமோ.

நிஷாந்தினி என் கையைப் பிடித்தாள். விரல் நோகும் அளவுக்குப் பிடித்தாள். "முதுகெல்லாம் நீலம் நீலமா இருக்கும் மிஸ். இரும்பு தூக்குறதுல பட்டுதுன்னு சொன்னாரு."

நான் ஸவாஹிரிடம் பாய்ந்தேன். "காது கேளாத ஆளை லொறிக்குப் பின்னால விட்டிருக்கிறீங்களே, உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இல்லையோ?"

அவர் கோபப்படவில்லை. நிறைத்தராசுக் கொட்டிலுக்குள் போய் ஃபைல் ஒன்றைக் கொண்டுவந்தார். ஏழு கடிதங்கள், திகதி வாரியாகக் கோத்து. ஏழிலும் என் கையெழுத்து.

"நான் மொதலாளிக்கு எத்தனையோ தடவ சொன்னேன் மிஸ், இவருக்குக் கேக்கல்ல எண்டு. கடிதத்துல கேக்குது எண்டுதானே போட்டீக்கி எண்டாரு. அதுதான் நாங்களே அந்த டின்ன வெச்சோம். மெதுவாத்தான் எறியச் சொல்லியிருக்கேன்."

நான் மனச்சாட்சி என்று கேட்ட ஆள்தான் யோகராஜை ஏழு மாதமாக உயிரோடு வைத்திருக்கிறார். அந்த இடத்திலேயே, தராசுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஏழு கடிதமும் பிழை என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். யோகராஜை அப்போதே முன் கேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தேடிப் போன அதே சிரிப்பு. கமெராவை நான் வெளியே எடுக்கவில்லை.

ஒஃபிசுக்கு வந்ததும் கஜீவனிடம், அழைப்புகளில் ஆட்கள் பேசியது எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"எல்லாம் ரெக்கோட் ஆகிக் கிடக்கு அக்கா. டாஷ்போர்ட் இலக்கத்தை மட்டும்தானே எடுக்குது. இதை ஒருத்தரும் திறந்து பார்க்கிறேல்லை."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முதலில் வட்டத்தைப் போட்டேன். பிறகு உண்மையாகவே இலக்கம் அழுத்தியவர்களை மட்டும் விட்டு, மற்றவர்களைப் பச்சையிலிருந்து எடுத்தேன். இருபத்தொரு பேர் மிஞ்சினார்கள். வட்டம் சாம்பலாகிப்போனது. சரோஜினிதேவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்த நிறத்தை எடுக்கச் சொன்னது நான்" என்றார்.

"ஓமெண்டு எடுத்தது நான், மேடம். இதை ஒருக்கால் கேளுங்கோ." யோகராஜின் ஏழாவது அழைப்பைப் போட்டேன். முதலில் என் குரல், ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று இனிமையாகச் சொல்லி முடித்தது. பின்னால் லொறிச் சத்தம். அதற்கு மேலால் யோகராஜ், தனக்கே கேட்காத குரலில், உரக்கப் பேசினார்.

"ஹலோ மிஸ், யோகராஜ் பேசுறேன். மெஷின் வேலை செய்யலைங்க. போன மாசமும் சொன்னேன். கோவிச்சுக்காதீங்க, நீங்க சொல்றது எதுவும் எனக்குக் கேக்கல. நான் சொல்றதாவது ஒங்களுக்குக் கேக்குதுங்களா?"

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். லொறி ஒன்று பின்னுக்கு வரும் பீப் பீப் சத்தம் கேட்டது. பிறகு அதே இனிமையில் என் குரல் பேசியது.

"மிக்க நன்றி. உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது."