இறங்காத தண்ணீர்

2018 தீபாவளி முடிந்த சனிக்கிழமை, மதியம் இரண்டே காலுக்கு, சுங்கை சிப்புட் போகும் சாலையிலுள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் தீபன் குதித்தபோது மேலே எழும்பிய தண்ணீர் இன்றுவரை கீழே இறங்கவில்லை. இரண்டு ஆள் உயரத்தில், காற்றில் மேல்நோக்கிப் புரண்ட குடைபோல் விரிந்து நிற்கிறது. கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அலுத்துவிட்டது. இந்த நிலம் முன்பு ரப்பர் தோட்டம். வீடு வாங்கியவர்களில் பாதிப் பேர் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள். வீட்டு வாசலில் நீச்சல் குளம் என்பது எங்களுக்குப் பெரிய பெருமை. அதனால்தான் எல்லாரையும் அழைத்துச் சாப்பாடு போடும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பைக் குளக்கரையிலேயே வைத்தோம். கோலத்தையும் அங்கேயே போட்டோம்.

போட்டவர் நாலாவது மாடி கலாதேவி. சாயம் ஏற்றிய அரிசியில் மயில், கரையோரமாக நீண்ட பத்தடித் தோகையோடு. குளத்தின் ஆழத்தைக் காட்டும் எண் அந்தப் பக்கம் ஓரத் தரையில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. தோகை சரியாக அதன்மேல் போய் முடிந்தது. தீபன் லாரி ஓட்டுநர், முப்பத்தொரு வயது, கீழ்த்தளத்துக்குக் குடிவந்து இரண்டு வாரம். இரண்டு பக்கமும் சாப்பாட்டு மேசைகள் வழியை அடைத்திருந்தன. நடுவில் கோலம். கோலத்தைக் காலால் மிதிக்கக் கூடாது என்று வளர்ந்தவன், நாலடி பின்னால் போய் ஓடிவந்து மயிலைத் தாண்டித் தலைகீழாகப் பாய்ந்தான். ஓர் அரிசிகூடக் கலையவில்லை. தண்ணீர் மூன்றடிதான் இருந்தது. கழுத்தெலும்பு முறிந்தது. ஒரு வருடத்தில் கைகள் ஓரளவு திரும்பின, கால்கள் திரும்பவில்லை.

குடியிருப்புக்குக் காப்பீடு செய்திருந்த காப்புறுதிக்காரர்கள் ஏணியோடு வந்து தொங்கும் தண்ணீரை அளந்து, படம் பிடித்து, வழக்கு முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டி, குளத்தையும் மூடினார்கள். கொசு முட்டையிடும் என்று யாரோ புகார் கொடுக்க, சுகாதார அதிகாரிகள் வந்து தேடினார்கள். ஒரு புழுகூட இல்லை. மறு வருடம் காட்டுத்தீப் புகைமூட்டத்தில் தண்ணீர் சாம்பல் நிறமாகிப் பிறகு தெளிந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் நாங்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க, மைனாக்கள் மட்டும் வந்து குடித்துவிட்டுப் போயின.

வழக்கு அதன்பாட்டுக்கு ஊர்ந்தது. தீபன் நிர்வாகக் குழுவின்மேல் போட்டான். குழு, எண்ணைச் சுவரில் எழுதாத கட்டுமான நிறுவனத்தைக் காட்டியது. நிறுவனம், அந்த நேரத்தில் பிரியாணி சாப்பிடப் போய்விட்ட காவலாளியைக் காட்டியது. காவலாளியின் முதலாளி கோலத்தைக் காட்டினார். காப்புறுதியோ தீபனையே காட்டியது. பெரும்பங்கு தவறு குதித்தவருடையது, அவர் கோலத்தின்மேல் நடந்து போயிருக்கலாம் என்று அவர்களுடைய கடிதத்தில் ஒரு வரி. மற்றதையெல்லாம் தீபன் தாங்கிக்கொண்டான். அந்த ஒரு வரிதான் அவனைத் தின்றது. நம்முடைய தப்புத்தானோ என்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தினமும் சாயங்காலம் அந்தத் தண்ணீரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

கலாதேவி முதல் வாரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். குழுவின் வழக்கறிஞர் ஸ்கந்தராஜா, ஈப்போவில் முப்பது வருடம் தொழில் பார்த்த நல்ல மனிதர், தடுத்துவிட்டார்.

"நீங்க போய் மன்னிப்புக் கேட்டா அது ஒப்புதல் வாக்குமூலம், அம்மா. வழக்கு முடியட்டும்."

கலாதேவி ஆறு வருடம் தீபனின் முகத்தைப் பார்க்காமல் பின்படிக்கட்டிலேயே ஏறி இறங்கினார். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு அவர் கோலமே போடவில்லை.

2024-இல் எல்லாத் தரப்பும் சமாதானமாகக் கையெழுத்துப் போட்டன. யாரும் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. அன்று தண்ணீர் இறங்கிவிடும் என்று நாங்கள் வாளி, துடைப்பத்தோடு குளக்கரையில் காத்திருந்தோம். இறங்கவில்லை. மழை இருட்டியதும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம். தீபன் மட்டும் இருந்தான். கலாதேவி முன்படிக்கட்டு வழியாக இறங்கி அவனிடம் வந்தார்.

"தம்பி, நம்பர் அங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்லா. பாத்தேன். தோகை கோணலாயிடும்னு அது மேலேயே அரிசியைக் கொட்டிட்டேன். என்னை மன்னிச்சிடு."

மேலேயிருந்து ஒரு செம்பு தண்ணீர் பிரிந்து கலாதேவியின் தலையில் விழுந்தது. அவ்வளவுதான். மற்றது அப்படியே நின்றது. அத்தனை தப்பும் தன்னுடையது என்று ஆறு வருடம் தூங்காதவர், தலையில் கைவைத்துப் பார்த்துவிட்டுத் தேம்பி அழுதார்.

"அழாதீங்கக்கா. எனக்கு ஒருத்தராவது வந்து சொன்னாப் போதும்னு இருந்துச்சு," என்றான் தீபன். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, மேலே பார்த்துச் சொன்னான்: "என் மேலயும் தப்பு இருக்கு."

ஒரு சொட்டுகூட விழவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் சத்தமாக, கடிதத்தில் இருந்தபடியே சொன்னான். பெரும்பங்கு தவறு குதித்தவருடையது. கலாதேவி உள்ளங்கையை நீட்டி அவன் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்தார். கை காய்ந்தே இருந்தது. தீபன் தன் தலைமுடியை, சட்டையை, மடியைத் தடவித் தடவிப் பார்த்தான். ஈரமே இல்லை.

மறு மாதம் குளத்தைத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் நீந்துகிறார்கள். ஆழத்தைக் காட்டும் எண் இப்போது நாலு சுவரிலும் எழுதியிருக்கிறது. கட்டுமான நிறுவனத்திலிருந்து ஒருவர் ஏதோ வேலையாக வந்தார், தொங்கும் தண்ணீரை அண்ணாந்து பார்த்தார், குடையை விரித்துக்கொண்டு அதன் கீழே நடந்து போனார்.