ஓரகத்தி கொண்டுவந்த மென்பொருள்

வந்ததும் வராததுமாக, மைக்ராஸ்கோப் முன்னாலிருந்த நாற்காலியின் உயரத்தைச் சின்னவள் தனக்கேற்றபடி இறக்கிக்கொண்டாள். சுவரோரம் நின்றிருந்த மூத்தவளுக்குச் சுருக்கென்றது.

இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். அண்ணனைக் கட்டியவள் இந்த ஆய்வகத்தில் உயிருள்ள செல்களைப் படமெடுக்கிறாள். தம்பியைக் கட்டியவள் அந்தப் படங்களை எடுக்கவும் அலசவும் உதவும் மென்பொருளை விற்கும் கம்பெனியில் இருக்கிறாள். புது வெர்ஷனை விளக்கிக் காட்டக் கம்பெனி அவளைத்தான் அனுப்பியிருந்தது. அவள் வரப்போவது முன்பே தெரியும். ஆனால் வீட்டில் இருவருமே அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் எது ஓடாமல் நின்றாலும் சின்னவளைத்தான் கூப்பிடுவார்கள். "அவ கை வெச்சா செத்த டிவியும் எழுந்து உக்காரும்" என்பாள் மாமியார். பெரிய மருமகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஏதோ பூச்சி பாக்குறா" என்று முடித்துவிடுவாள். மூத்தவள் அதையெல்லாம் பொறுத்துப்போனதே இந்த அறை இருக்கிறது என்ற தைரியத்தில்தான். ஜன்னல் இல்லாத, எந்நேரமும் சில்லிட்டுக் கிடக்கும் அறை. ஒரு செல் எங்கிருந்து எங்கே ஊர்ந்துபோகிறது என்று படம் படமாகப் பார்த்து, மௌஸால் புள்ளி வைத்துத் தொடர்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. "உங்க கண்ணு யாருக்கும் வராதும்மா" என்று பேராசிரியரே சொல்லியிருக்கிறார்.

இப்போது அதே பேராசிரியர் திரையின் முன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மங்கலாக, மணலைத் தூவியதுபோல் இருந்த படம் சின்னவள் ஒரு பட்டனைத் தட்டியதும் துடைத்துவைத்ததுபோல் தெளிந்தது. இன்னொரு பட்டனில் ஒவ்வொரு செல்லின் பின்னாலும் ஒவ்வொரு நிறத்தில் கோடு ஓடியது. ஒரு செல் இரண்டாகப் பிரிந்தால் கோடும் பிரிந்தது. மூத்தவள் நாள்கணக்கில் கழுத்து வலிக்க உட்கார்ந்து செய்கிற வேலை.

"இது சுலபமான சாம்பிள். நான் வேற தர்றேன்" என்றாள் மூத்தவள்.

செல்களை வளர்க்கும் இன்குபேட்டரிலிருந்து அவள் எடுத்துவந்தது அவளையே அழவைத்த தட்டு. கொஞ்சம் வெளிச்சம் கூடினாலும் செத்துப்போகிற செல்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிகிறவை. இதில் மாட்டிக்கொண்டு முழிக்கட்டும் என்றுதான் அதை எடுத்தாள். அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

சின்னவள் மறுபேச்சில்லாமல் தட்டைப் பொருத்தி, வெளிச்சத்தைப் பேருக்கு வைத்து, படமெடுப்பை ஓடவிட்டாள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் எல்லோருக்கும் ஸ்லைடு போட்டாள். முதல் ஸ்லைடில் ஒரே ஒரு வாக்கியம்: 'பார்க்க ஆசைப்பட்டு வெளிச்சம் போட்டால் சாகிறது, சாகவேண்டாமென்று குறைத்தால் பார்க்க முடிவதில்லை.'

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்றோ சாப்பாட்டு மேஜையில், அலுத்துப்போய் அவள் புலம்பிய வாக்கியம். அன்று சின்னவள் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"யார் சொன்னதோ, ரொம்ப அழகா சொல்லியிருக்காங்க" என்றார் பேராசிரியர். சின்னவள் சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனாள்.

கூட்டம் கலைந்ததும் தாழ்வாரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவளை மூத்தவள் மறித்தாள்.

"அது நான் சொன்னது."

"ஆமாக்கா. அன்னிக்கே போன்ல எழுதி வெச்சுக்கிட்டேன். ஆபீஸ்ல சொன்னேன். அதுலேர்ந்துதான் இந்த வேலையே ஆரம்பிச்சது."

"பேரச் சொல்லணும்னு தோணலையா?"

"தோணிச்சு. மனசு வரல." டம்ளர் நிரம்பி விரல்களில் வழிந்தது. "நீங்க பேசினா, புரியுதோ இல்லையோ, வீட்ல எல்லாரும் சாப்பிடறத நிறுத்திட்டுக் கேக்கறாங்க. எங்கிட்ட ரிமோட்டத்தான் நீட்டறாங்க. ஒரு தடவையாவது நான் சொன்னதா நாலு பேர் கேக்கட்டும்னு இருந்துச்சு."

தன்னைப் பார்த்தும் புழுங்க ஒருத்தி இருந்திருக்கிறாள் என்பது மூத்தவளுக்கு ஒரு கணம் இனித்தது. இனித்ததே என்று கூச்சமாகவும் இருந்தது. வயிற்றெரிச்சல் மட்டும் இம்மியும் குறையவில்லை.

மாலையில் பேராசிரியரும் அவர்கள் இருவரும் திரை முன்னால் நின்றார்கள். படங்கள் வரிசையாக ஓடின. மூத்தவள் கண்ணிமைக்காமல் பார்த்தாள். நெரிசலுக்குள் இரண்டு செல்கள் உரசி விலகிய இடத்தில் நீலக் கோடும் மஞ்சள் கோடும் ஆள் மாறிப்போயின.

"நிறுத்து. இங்க தப்பு. அது இது இல்ல."

சின்னவள் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது. "ஆமாக்கா" என்றாள், மெல்லிய குரலில்.

பேராசிரியர் மூத்தவள் பக்கம் திரும்பினார். "நீங்கதான் தினமும் இதோட மல்லுக்கட்டப் போறீங்க. வாங்கலாமா, வேண்டாமா?"

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. மறுபடி திரையைப் பார்த்தாள். மற்ற நாட்களில் இந்நேரத்துக்குப் பாதித் தட்டு உருண்டு, சுருங்கி, பிணமாகக் கிடக்கும். இன்று அந்தப் பேருக்கான வெளிச்சத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. எல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தன.

"வாங்கலாம் சார்" என்றாள். சொன்னதும் யாரோ கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

அவர் போனபின் சின்னவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "எதை வெச்சுக்கா கண்டுபிடிச்சீங்க, ஆள் மாறிடுச்சுன்னு?"

மூத்தவளுக்கு அது நன்றாகவே தெரியும். சொன்னால் அடுத்த வெர்ஷனில் அதுவும் ஒரு பட்டனாகிவிடும். சொல்லாவிட்டால் அது தன்னிடமே இருக்கும். சின்னவள் அவசரப்படுத்தவில்லை. செல்போனை எடுக்கவும் இல்லை.

திரையில் ஓரத்துச் செல் ஒன்று மெலிந்த காலொன்றை நீட்டி, முன்னாலிருந்த வெறும் இடத்தைத் தடவிப் பார்த்து, உள்ளிழுத்து, மறுபடி நீட்டியது.