நாற்பத்து மூன்று பேர்

பாடை வாசலைத் தாண்டிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, மருதம்மாள் அரிசிப் பானையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டாள். அரிசிப் பானை என்று பேர்தான். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து அதில் காய்ந்த மரவள்ளிச் சீவலைத் தவிர வேறெதுவும் விழுந்ததில்லை. சீவல் தரையெல்லாம் சிதறியது. பானைக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை என்றதும் அடுப்படிப் பரணில் ஏறக் காலைத் தூக்கினாள்.

வீடு கழுவ வாளியோடு வந்த பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் பதறிப் போனாள்.

“ஏக்கா, பித்துப் புடிச்சிருச்சா? அண்ணன் பொணம் இன்னும் சுடுகாடு போய்ச் சேரல, நீ பரண்ல ஏறுற! பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?”

“என்ன வேணா சொல்லட்டும் லா. அந்தத் தகரப் பொட்டிய இங்கிட்டு நகத்து.”

செத்துப் போனவர் பரஞ்சோதி, அந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர். மெர்போக் பக்கத்துத் தோட்டங்களில் டிரசர் என்றால் பாதி டாக்டர். வெள்ளைக்காரன் ஓடிப் போன பிறகு முழு டாக்டர். ஊருக்கெல்லாம் மலேரியா மருந்து கொயினா கொடுத்த மனுஷன், தனக்கென்று ஒரு மாத்திரை மிஞ்சாமல் காய்ச்சலில் போய்விட்டார். இந்த அநியாயத்தை நினைத்து அழ மருதம்மாளுக்கும் ஆசைதான். அழ நேரமில்லை.

காலையில் துக்கம் கேட்க வந்த பெரிய கிராணி, தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வார்த்தை வருத்தம் சொன்னான். நாலாவது வார்த்தையில் உத்தரவைச் சொன்னான். நாளைக்குக் காலையில் வீட்டைக் காலி பண்ண வேண்டும், புது டிரசர் வருகிறான். வெள்ளைக்காரன் சாமான் ஒரு துரும்பு இருந்தாலும் ஜப்பான்காரனுக்குச் சேர வேண்டியது. மூட்டை முடிச்செல்லாம் தோட்டத்து வாசலில் தன் கையாலேயே பிரித்துப் பார்ப்பானாம். பிணம் நடுவீட்டில் கிடக்கும்போது பேசுகிற பேச்சா இது? பேசினான்.

மருதம்மாள் தேடியது ஒரு கடுதாசிக் கட்டு.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்தி அந்த ஆஸ்பத்திரிக்கு லோவி என்று ஒரு டாக்டர் வந்து சேர்ந்தார். வியன்னாவாம் ஊர், ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்ட ஊர். வெள்ளைத் தோல்தான், ஆனாலும் தொரைமார் கிளப்பில் அவருக்கு நாற்காலி கிடையாது. யூதர் என்றார்கள்.

“என்னா குத்தம் பண்ணிட்டு ஓடியாந்தாராம்?” என்று மருதம்மாள் அப்போது புருஷனைக் கேட்டாள்.

“ஒரு குத்தமும் பண்ணல. பொறப்பச் சொல்லித் தொரத்திட்டானுங்க.”

பிறப்பைச் சொல்லித் துரத்துவது அவளுக்கு யாரும் விளக்க வேண்டாத சங்கதி.

அந்த லோவி டாக்டர் தினமும் கடுதாசி எழுதுவார். சிங்கப்பூரில் அவர்கள் சனங்களுக்கு உதவி செய்ய ஒரு சங்கம் இருந்தது. இன்னாருக்கு அனுமதி வாங்கிக் கொடுங்கள், இன்னாரைக் கப்பலேற்றுங்கள் என்று அதற்கு எழுதிக்கொண்டே இருப்பார். வியன்னாவிலிருந்தும் அவருக்குக் கடுதாசி வரும். அவர் அம்மா, தங்கச்சி, அடுத்த வீட்டுக்காரர், யாரோ சொல்லி இவர் பேரைக் கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் பேர், பிறந்த தேதி, தெரிந்த தொழில் எழுதி, ஒரு சின்னப் போட்டோவும் வைத்து, எந்த நாடாவது எங்களை எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டிருந்தார்கள். ஒரு வருஷம் இப்படி ஓடியது. பிறகு ஜெர்மனியோடு சண்டை மூண்டதும் இங்கிலீஷ்காரப் போலீஸ் வந்து லோவியையே பிடித்துக்கொண்டு போனது, ஜெர்மன்காரன் என்று. அங்கே யூதன் என்று துரத்தினான், இங்கே ஜெர்மன் என்று பிடித்தான். அந்த மனுஷனுக்குக் கால் வைக்க ஒரு அடி மண் இல்லை. லாரியில் ஏறுவதற்கு முன்னால் அந்தக் கட்டைப் பரஞ்சோதி கையில் திணித்தார். நாற்பத்து மூன்று பேர் இதில் இருக்கிறார்கள், இவர்கள் எங்கே என்று ஒருநாள் யாராவது கேட்க வேண்டும், கேட்பதற்குப் பேராவது வேண்டும் என்றார்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரன் எழுத்தெல்லாம் ஒப்படைக்கச் சொன்னான். பக்கத்துத் தோட்டத்துக் கிராணி ஒருவர் பழைய வரைபடம் ஒன்றை வைத்திருந்ததற்காகச் சுங்கைப் பட்டாணிப் போலீசுக்குப் போனவர், போனவர்தான். மருதம்மாள் அன்றைக்கே புருஷனிடம் கேட்டாள்.

“ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் சிநேகிதம்தானேங்க. ஜெர்மன் காயிதம்னு குடுத்துட்டா என்னா?”

“இது அவனுக்கு ஆகாத ஜெர்மன், மருதம். குடுத்தா அந்த நாப்பத்து மூணு பேரையும் நம்மளே காட்டிக் குடுத்த மாதிரி.”

“அப்ப எங்க வச்சிருக்கீங்க, சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன். தெரியாதத அடிச்சாலும் சொல்ல முடியாதுல்ல?” என்று சிரித்தார்.

அப்போது அந்தக் கட்டின் மேல் அவளுக்குக் கோபம்தான். மகன் நடராஜாவைச் சயாமுக்கு ஜப்பான்காரன் போடும் ரயில் ரோட்டு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் மாறினாள். ஆறு மாசம் கழித்து ஆபீசுக்குப் போய், என் மகன் எங்கே என்று கேட்டாள். பெரிய கிராணி பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நடராஜான்னு ஒரு ஆளே போகலியேம்மா” என்றான். லாரியில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்தவள் அவள். ஏற்றியவனே இவன்தான். பேரே இல்லாதவனை யார் போய்த் தேடுவது? அன்றைக்கு வீட்டுக்கு வந்து, “அந்தக் கட்டு பத்திரமா இருக்குல்ல?” என்று அவளாகவே கேட்டாள். அந்த டாக்டரின் அம்மாவுக்காவது பேர் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

இன்றைக்கு விடியற்காலை, உயிர் போகிற நேரத்தில், பரஞ்சோதி அவள் கையை இறுக்கிப் பிடித்தார். “கட்டு... தல... தல...” என்றார். தலைவலிதான் என்று நினைத்து அவள் தேங்காயெண்ணெயைத் தேய்த்துவிட்டாள். அவர் இல்லை இல்லை என்று கண்ணாலேயே சொல்லிப் பார்த்தார். பிறகு கண் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு மணி நேரம் துழாவியும் பரணிலும் ஒன்றுமில்லை. மருதம்மாள் இறங்கி நின்று வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அவர் படுத்திருந்த மூலை வெறுமையாகக் கிடந்தது.

“இங்க கெடந்ததெல்லாம் எங்க?”

“என்னாக்கா கேக்குற, நீதானே எடுத்துக் குடுத்த! பாயி, தலகாணி எல்லாத்தையும் சுருட்டி அய்யாவு அண்ணன்கிட்ட குடுத்தாச்சு. செத்தவங்க படுத்தத வீட்ல வச்சிருக்கலாமா? பொணத்தோட போட்டு எரிச்சிருவாங்க.”

தலகாணி. கல் மாதிரி இருக்கிறது, பஞ்சை மாற்றித் தருகிறேன் என்று எத்தனை தடவை அவள் கேட்டிருப்பாள்! வேண்டாம், அதுதான் கழுத்துக்குச் சுகம் என்பார். பாவி மனுஷா, தலையிலேயே வைத்துக்கொண்டு படுத்திருந்தாயே!

மருதம்மாள் ஓடினாள். பின்னால் பிச்சையம்மாள், “பொம்பள சுடுகாட்டுக்குப் போகக்கூடாதுக்கா!” என்று கத்தியது லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது. அவிழ்ந்த தலையும் ஈரச் சேலையுமாக ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடினாள். நாற்பது வயதில் அப்படி ஓட முடியும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

ஆற்றோரத்தில் சிதை பிடித்துவிட்டிருந்தது. காய்ந்த ரப்பர் விறகு, சடசடவென்று எரிந்தது. கொள்ளி வைத்துவிட்டு நின்ற கொழுந்தன் முருகையா அவளைக் கண்டதும் ஓடிவந்து மறித்தான்.

“அண்ணி! என்னா காரியம் இது? ஊர் என்னா பேசும்?”

“தலகாணி எங்க தம்பி? உங்க அண்ணன் தலகாணி?”

ஆம்பளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் எரிகிற இடத்தில் வந்து தலகாணி கேட்கிறாளே, துக்கம் தலைக்கேறிவிட்டது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். நெருப்பில் பாய் சுருண்டு கருகிக்கொண்டிருந்தது. அதற்கடியில் அவர் இருந்தார். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பாய்க்குப் பக்கத்துப் பாயில் படுத்தவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வாய்விட்டு ஒரு தடவை அழுதாள். அழுகைக்கு நடுவிலும் அவள் கண் ஒன்றைக் கவனித்தது. எல்லாரும் அவளைப் பார்க்க, சிதை அடுக்கும் அய்யாவு மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நேராக அவனிடம் போனாள். அவன் விறகுக் கும்பலுக்குப் பின்னால் நடந்தான்.

“மன்னிச்சிருங்க டிரசரம்மா. பொணத்து மேல கெடந்த துணியத் தொடல, சத்தியமா. தலகாணித் துணி மட்டும்தான் எடுத்தேன். எம்மவ சமைஞ்சு மூணு மாசமாச்சு. மேலுக்குச் சாக்குதான் கட்டிக்கிட்டிருக்கு. வெக்கப்பட்டுக்கிட்டு வீட்ட விட்டே வெளிய வரமாட்டேங்குது...”

“உள்ள இருந்தது எங்கண்ணே?”

“பஞ்ச நெருப்புல போட்டுட்டேன்.”

“காயிதம்?”

அய்யாவு குனிந்து விறகை விலக்கினான். ஆஸ்பத்திரி ரப்பர் விரிப்பில் சுற்றிய கட்டு, ஒரு பக்கம் பிரிந்து கிடந்தது.

“இதையும் போடத்தாம்மா போனேன். பிரிச்சா உள்ள படமா இருந்துச்சு. ஆம்பள, பொம்பள, புள்ளைங்க. உயிரோட இருக்கறவங்க படத்தப் பொணத்தோட சேத்து எரிக்கலாமா? அவங்களுக்கு ஆகாதுல்ல? அதான் வச்சிட்டேன்.”

“உயிரோட இருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அய்யாவு அவளை விசித்திரமாகப் பார்த்தான். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

“செத்தவங்களா இருந்தா படத்துக்கு மால போட்டிருக்க மாட்டாங்களா? ஒண்ணுலயாச்சும் மால இருக்கா, பாருங்க.”

மருதம்மாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண்ணாடி போட்ட ஒரு கிழவர். தொப்பி வைத்த ஒரு அம்மாள். முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண், இரட்டைச் சடை, சிரித்துக்கொண்டிருந்தது. நாற்பத்து மூன்றையும் பார்த்தாள். ஒன்றிலும் மாலை இல்லை.

“இல்லண்ணே,” என்றாள். அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. “துணிய நீங்களே வச்சிக்கங்க. புள்ளைக்கு நல்லா தச்சுக் குடுங்க.”

கட்டை அடிவயிற்றில் வைத்துச் சேலையை இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பெண்டாங் என்கிற ஊரில் அவள் அண்ணன் பக்கிரிசாமி வயல் வேலையில் இருந்தார். அங்கே போய்விட்டால் ஓலைக் கூரைக்குள் ஒளிக்க ஆயிரம் இடம். ஆனால் நடுவில் தோட்டத்து வாசல் இருக்கிறது, வாசலில் பெரிய கிராணி நிற்பான். மூட்டையில் வைத்தால் பிரிப்பான். மடியில் வைத்தால் இடுப்பு புடைப்பதைப் பார்த்துக் காவல்காரன் பொண்டாட்டியை விட்டுத் தடவச் சொல்வான். போன மாசம் அப்படித்தான் ஒருத்தி மாட்டினாள்.

மருதம்மாள் குளித்துவிட்டு வந்து, கட்டை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள் நடுவில் உட்கார்ந்தாள். “பிச்ச, எனக்கு இன்னைக்கே தாலிய எறக்கிரு,” என்றாள்.

கூட்டம் வாயில் கையை வைத்தது. பதினாறாம் நாள்தான் அதற்கு. அதுவரைக்கும் பூவும் பொட்டுமாக இருப்பது பெண்ணுக்குக் கிடைக்கிற கடைசிச் சலுகை. அதை வேண்டாம் என்று எவளாவது சொல்வாளா?

“என்னாக்கா இது? பதினாறு நாளு இருக்கே. அந்தப் பதினாறு நாளாச்சும்...”

“நாளைக்குக் காலைல பெரிய கிராணி வாசல்ல நிப்பான். வெறும் கழுத்த எதுக்க பாத்தா ஆபீசுக்குப் போறவன் வீட்டுக்குத் திரும்பிப் போயிருவான்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?”

பிச்சையம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் இடுப்பையும் பார்த்தாள். எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்த்தாள். மருதம்மாள் தாலியை உள்ளங்கையில் வாங்கி, கொஞ்ச நேரம் மூடியே வைத்திருந்தாள். அந்தப் பதினாறு நாள் அவளுக்கும் வேண்டித்தான் இருந்தது. அவர் கட்டியதாயிற்றே! பொட்டை அவளே அழித்தாள். வெள்ளைச் சேலைக்கு எங்கே போவது? பரஞ்சோதியின் ஆஸ்பத்திரி வேட்டிகள் இரண்டைச் சேர்த்துத் தைத்தார்கள்.

மறுநாள் காலை பெரிய கிராணி தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது, முதலாவதாக அவள்தான் நின்றுகொண்டிருந்தாள். முருகையா மூட்டையோடு பின்னால் நின்றான். கிராணி நிமிர்ந்து பார்த்தான். வெள்ளை. வெறும் நெற்றி. வெறும் கழுத்து.

“அய்யய்யோ! நேத்துத்தானே... பதினாறு ஆகலியே!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். “காலங்காத்தால மொத மொகமா வந்து நிக்கிறியே!”

“நீங்கதானே வரச் சொன்னீங்க. பிரிச்சுப் பாக்க வேணாமா?” மருதம்மாள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

“கிட்ட வராத! போம்மா, போ!”

“எல்லாத்தையும் நல்லாப் பாத்துருங்க. பின்னாடி ஒரு பேச்சு வரக்கூடாது.” இன்னொரு எட்டு வைத்தாள்.

“டேய், கட்டையத் தூக்குடா!” என்று அவன் கத்திய கத்தலில் காவல்காரன் ஓடிவந்து தூக்கினான். கிராணி வேலிப் பக்கம் திரும்பி நின்று மூன்று தடவை துப்பினான்.

மருதம்மாள் அவசரப்படாமல் தாண்டினாள். பெரிய சாலையில் எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. வண்டிக்காரன் அவளைத் தூரத்தில் கண்டதுமே மாட்டைத் திருப்பி ஓரங்கட்டினான். சைக்கிளில் வந்த ஒருவன் இறங்கிப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினான்.

“அண்ணி, ஓரமா வாங்க,” என்றான் முருகையா.

“எதுக்கு?” என்றாள். நாற்பத்து மூன்று பேரையும் இடுப்பில் கட்டிக்கொண்டு சாலையின் நடுவிலேயே நடந்தாள்.