காருக்குக் கொலுசு

“அப்பா, நம்ம கார் ஏன் கொலுசு போட்டுண்டிருக்கு?” என்று வாசலில் நின்ற சுப்ரியா ஒருநாள் கேட்டாள். பட்டாபி வாத்தியார் சிரித்துவிட்டு மறந்துபோனார்.

இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய அம்பாசிடர் அது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால், போகலாமா வேண்டாமா என்று யோசித்தது. மெக்கானிக் வளன் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார். மூன்றாம் முறையும் பாபநாசம் மலை ஏற்றத்தில் கார் திணறவே, வாத்தியார் வளனின் பட்டறையில் நாலு வாடிக்கைக்காரர் முன்னால் கத்தினார்.

“மாதா படத்தை மாட்டிண்டு ஏமாத்துறீரே வே!”

பிழைப்பே போய்விடுமோ என்று வளனுக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் வாத்தியார் வீட்டுக்கே வந்தார்.

“எம் முன்னால ஸ்டார்ட் பண்ணுங்க, சார்வாள்.”

வாத்தியார் வழக்கம்போல முதலில் கார் டேப்பில் முருகன் பாட்டை அலறவிட்டார்.

“முருகனைச் செத்த நேரம் நிறுத்துங்க!”

“காதுல முதல்ல சாமி பேர்தான்யா விழணும்.”

“அதான் விழுந்துட்டுல்லா. இப்ப இஞ்சின் பேசட்டும்.”

பாட்டு நின்றது. சாவியைத் திருப்பியதும் இஞ்சினின் முன்பக்கம் கலகலவென்றது. சற்றுச் சூடானதும் அடங்கிவிட்டது.

“டைமிங் செயின் தேஞ்சு தொளதொளன்னு கெடக்கு. வால்வு நேரம் தப்பித் தொறக்குது, வண்டி தயங்குது. பட்டறைக்குச் சூடா வந்தா எனக்கு எங்கன கேக்கும்?”

“நான் சொன்ன கொலுசு!” என்றாள் சுப்ரியா.

புதுச் செயினோடு கார் ஏற்றத்தில் துள்ளி ஓடியது. வாத்தியார் அந்த நாலு பேரையும் வீடு தேடிப்போய்த் தன் தவறைச் சொன்னார். வளனிடமும் சொன்னார். மாதாவிடம் மட்டும் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை வளன் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தார். தெருவில் ஆளில்லை. வாத்தியார் காலி ஆயில் டின்மேல் தள்ளாடி ஏறி, பூட்டிய பட்டறைக் கதவுக்கு மேலிருந்த மாதா படத்துக்கு ஒரு முழம் பிச்சிப்பூவைச் சாத்தினார்.