அன்னப்பூரணியின் சாதாரண நாட்கள்

மாங்கேணியில் யார் வீட்டிலாவது சோறு அடிப்பிடித்து மணத்தால், "அன்னப்பூரணி வந்துட்டுப் போனாளோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சோறு போடுகிற அம்மனின் பெயரை வைத்துக்கொண்டு வாரத்தில் பாதி நாள் பானையைக் கருக்குகிறவள் அவள். ஊரோடு சேர்ந்து அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து பானையின் அடியைத் தேங்காய்த் தும்பால் தேய்க்கும்போதுதான் அழுகை வரும்.

சோம்பேறி என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. விடியலில் எழும்பினால் கால் ஓரிடத்தில் நிற்காது. உலையை ஏற்றிவிட்டுத் தண்ணீருக்குக் கிணற்றடிக்குப் போவாள். அங்கே காய்ந்த உடுப்புகள் கண்ணில் படும். உடுப்பை எடுக்கப் போன இடத்தில் வேலி சரிந்து கிடக்கும். வேலியைக் கட்டக் கயிறு கேட்டு அடுத்த வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு கதை நடந்துகொண்டிருக்கும். புகை மணம் வந்த பிறகுதான் உலை ஞாபகம் வரும். வேண்டுமென்று செய்கிறாள் என்று தாய் அடித்தாள். புத்தி இருந்தும் படிக்கிறாளில்லை என்று வாத்தியார் அடித்தார். அடித்துத் திருந்துகிற காரியமாக இருந்திருந்தால் பத்து வயதிலேயே திருந்தியிருப்பாள்.

கைபிடித்த ஜெயரூபன் மட்டும் அடிக்கவில்லை. ஊரை ஒட்டிய உப்புநீர்க் களப்பில் இறால் பிடிக்கிறவன். தோணிக்குப் போகுமுன் வாசலில் நின்று, "பூரணி, அடுப்பில என்ன இரிக்கி?" என்று ஒருதரம் கேட்டுவிட்டே போவான். அவள் அடுப்படிக்கு ஓடுவாள். அவர்களின் குடும்பம் அந்த ஒரு கேள்வியில் ஓடிக்கொண்டிருந்தது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, விறகு பொறுக்கக் கடற்கரைக்குப் போனவள் விறகை மறந்துவிட்டு, மகள் தனுஷாவும் மற்றப் பிள்ளைகளும் மண்ணில் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடல் கறுத்து எழும்பியது. கரையில் நின்ற பெரியவர்கள் வாயைப் பிளந்து பார்த்தபடி நின்றார்கள். அன்னப்பூரணியின் தலைக்குள் எந்நேரமும் சந்தைபோல் இரைந்துகொண்டிருந்த சத்தமெல்லாம் அந்தக் கணத்தில் அடங்கிவிட்டது. செய்யவேண்டியது ஒவ்வொன்றும் வரிசையாய்த் தெரிந்தது. அடுத்த வீட்டு மங்கையற்கரசியின் கைக்குழந்தை சிந்துஜாவை இடுப்பில் தூக்கினாள். தனுஷாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். மற்றப் பிள்ளைகளை அதட்டி முன்னே துரத்தினாள். மேட்டில் நின்ற மரமுந்திரிகை மரத்தில் அவர்களை ஏற்றி, தன் சீலையைக் கழற்றிக் கிளையோடு சேர்த்துக் கட்டினாள். தண்ணீர் அவளுடைய கழுத்துவரை வந்து திரும்பிப் போனது. கட்டிய பிள்ளைகளில் ஒருவரும் தண்ணீரோடு போகவில்லை.

ஊர் அவளைக் கும்பிட்டது. மங்கையற்கரசி காலில் விழுந்தாள். வெளிநாட்டு உதவியில் தகரக் கூரையோடு பாலர் பாடசாலை ஒன்று எழும்பியபோது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அன்னப்பூரணிக்கே கொடுக்கவேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அந்த வேலையில் அவள் உயிரை வைத்திருந்தாள். மறக்காமலிருக்க முந்தானையில் முடிச்சுகள் போட்டுக்கொண்டாள். பால் காய்ச்ச ஒன்று, வாசல் படலையைப் பூட்ட ஒன்று. பின்னேரமானால் முடிச்சு இருக்கும், எதற்குப் போட்டது என்பது மறந்திருக்கும். பிறகு பாட்டாகக் கட்டிப் பாடிப் பார்த்தாள். பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடமாக்கிவிட்டார்கள். அவள்தான் பாதியில் விட்டுவிடுவாள். அப்படியும் ஆறேழு மாதம் தாக்குப்பிடித்தாள்.

ஒருநாள் வீடு கட்டக் கல் ஏற்றிய லொறி பள்ளிக்கு முன்னால் நின்றது. யாருடைய வீட்டுக்கு என்று விசாரிக்கப் படலையைத் திறந்துகொண்டு போனாள். படலை திறந்தபடியே கிடந்தது. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த சிந்துஜா களப்போரத்துச் சேற்றுக்குள் இடுப்பளவு புதைந்து அழுதுகொண்டிருந்ததை ஒரு வலைகாரன்தான் கண்டு தூக்கிவந்தான்.

மங்கையற்கரசி பிள்ளையைப் பறித்து அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி பேசினாள்.

"அண்டைக்கு நீ காப்பாத்தின புள்ளதான் இது. இல்லெண்டு சொல்லல்ல. அதுக்காக இண்டைக்கு நீயே இவளச் சாகக் குடுக்கிறதா?"

அன்னப்பூரணி போய் அந்தப் படலையைப் பூட்டினாள். மறுநாள் தொடக்கம் அவளுக்கு அந்த வேலை இல்லை.

ஜெயரூபன் அவளைத் தேற்றினான். "நீ கெட்டவள் இல்லகா. பெரிய ஆபத்து வந்தா உன்னப்போல ஆள் இல்ல. ஆனா என்ன செய்யிற, ஒவ்வொரு நாளும் சுனாமி வராதுதானே."

அன்போடுதான் சொன்னான். அவளுக்கு அது ஏச்சைவிடக் கூடுதலாய் வலித்தது.

அடுத்த ஆண்டு, மறுபடியும் மூண்ட சண்டை மாங்கேணியை அடுத்த வாகரைப் பக்கம் திரும்பியது. எறிகணைகள் விழத் தொடங்கின. பதுங்குகுழியிலிருந்து தண்ணீர் எடுக்க வெளியே போன ஜெயரூபன் திரும்பி வரவில்லை. அவனைப் புதைத்த கையோடு அன்னப்பூரணி தனுஷாவைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினாள். எந்தப் பக்கம் சத்தம் கேட்கிறது, எங்கே படுக்கலாம், எப்போது எழும்பி ஓடலாம் என்பதெல்லாம் மறுபடியும் துலக்கமாய்த் தெரிந்தது. கூட வந்தவர்கள் அவள் சொன்னதைக் கேட்டு நடந்தார்கள். வழியில் அவள் ஒன்றையும் மறக்கவில்லை.

மட்டக்களப்புக்குக் கிட்ட, முகாமில் ஒரு கூடாரம் கிடைத்தது. அங்கே ஆபத்து முடிந்து அன்றாடம் தொடங்கியது. "அடுப்பில என்ன இரிக்கி?" என்று கேட்க ஆளில்லை. நிவாரணம் கொடுக்கிற நாளைத் தவறவிட்டாள். வரிசையில் வைத்த வாளியை விட்டுவிட்டு வந்தாள். தனுஷாவுக்கு மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம் தொடங்கியிருந்தது. காலையும் மாலையும் மருந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். காலையில் கொடுத்தோமா என்று மத்தியானம் யோசிப்பாள். கொடுத்திருந்தால் இரண்டாந்தரம் கொடுக்கக்கூடாதே என்று பயந்து சும்மா இருந்துவிடுவாள். மருந்து முடிந்ததைக் கவனிக்காத ஒரு வாரத்தில் பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவள்தான்.

ஜெயரூபனின் அக்கா இலட்சுமிப்பிள்ளை மண்டூரிலிருந்து வந்து பார்த்தாள். பிள்ளை குணமானதும், "கொஞ்ச நாளைக்கு நான் வச்சிருக்கன் மச்சாள்" என்றாள். அதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. அன்னப்பூரணி உடுப்புகளை மடித்துக் கொடுத்தாள்.

கொஞ்ச நாள் என்றது ஆண்டுக்கணக்காய் நீண்டது. மாங்கேணிக்குத் திரும்பிப்போக விட்டார்கள். போர் முடிந்ததென்று வானொலியில் சொன்னார்கள். அன்னப்பூரணி கருவாடு காயவைக்கிற வாடியில் வேலைக்குப் போனாள், நிறுத்தினார்கள். தையல் வகுப்புக்குப் போனாள், பாதியில் நின்றது. ஊருக்கு வந்த நடமாடும் வைத்திய முகாமில், நித்திரை வருவதில்லை என்று சொல்லப் போனாள். வந்திருந்த இளம் டொக்டர் அம்மா நித்திரையில் தொடங்கி அவளுடைய சின்ன வயதுவரை கேட்டுக்கொண்டே போனாள். இப்படி ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை.

"இது கவனக் குறைபாடு, அம்மா. பிறப்பிலேயே வாறது. மூளை வேலை செய்யிற விதமே அப்படி. சின்னப் பிள்ளைகளில்தான் கூடக் கண்டுபிடிப்பம். பெரியாக்களுக்கும் இருக்குது."

"அப்ப இது கெட்ட குணம் இல்லையா?"

"இல்லவே இல்ல."

"மருந்து இரிக்கா?"

டொக்டர் மேசையைப் பார்த்தாள். "இருக்குது. உங்களுக்குத் தர இங்க இல்ல. அடுத்த மாதம் வாங்க, எங்கயாவது கேட்டுப் பார்க்கிறன்."

அடுத்த மாதம் வந்தவர் வேறு டொக்டர். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஆனாலும் முந்தின டொக்டர் தன் குறைக்குச் சொன்ன பேர் அன்னப்பூரணியிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மண்டூருக்குப் புறப்பட்டாள். இரண்டு பஸ் மாறி, குருமண்வெளியில் களப்பைக் கடக்கும், 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றபடி, மகளிடம் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இலட்சுமிப்பிள்ளை தேத்தண்ணி கொடுத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். "பேர் என்னவா இருந்தாலும் நோய் உங்களோடதானே மச்சாள் இரிக்கி" என்றாள். குரலில் குத்தல் இல்லை. அதனால் கோபிக்கவும் முடியவில்லை.

தனுஷா வளர்ந்திருந்தாள். இரட்டைப் பின்னல், வெள்ளைச் சட்டை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"நீங்க வேணுமெண்டு செய்யல்ல எண்டு எனக்கு முந்தியே தெரியும் அம்மா."

"அப்ப வாறியா புள்ள? இனி நான் கவனமா இருப்பன்."

சொன்ன உடனேயே அன்னப்பூரணிக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து தாயிடமும் வாத்தியாரிடமும் புருஷனிடமும் அவள் சொல்லிவந்த அதே வாக்கு. ஒவ்வொரு தரமும் உண்மையாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

தனுஷா பிடித்த கையை விடவில்லை. "மாமிட வீட்டில எனக்குப் பயம் இல்ல அம்மா" என்றாள். "அங்க வந்தா, நான்தான் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கணும். எனக்கு ஏலாது."

அன்னப்பூரணி தலையாட்டினாள். அழக்கூடாதென்று நினைத்தாள், அழவில்லை. பின்னேரம் பஸ் போய்விடும் என்று இலட்சுமிப்பிள்ளைதான் ஞாபகப்படுத்தினாள். துறைவரை தனுஷா கூட வந்தாள். பாதை கரையை விட்டு விலகியது. மகள் கையை அசைத்தாள், நடுக்களப்பு வரும்வரை நின்றாள். பிறகு பாடத்துக்கு நேரமாகியிருக்கவேண்டும், திரும்பி நடந்தாள்.

பக்கத்தில் நின்ற ஒருவர், "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டார்.

"மாங்கேணிக்கு" என்றாள் அன்னப்பூரணி. வேறு போக இடமிருக்கவில்லை.